கீசர் லைனில் கருகிய ஜாயிண்ட்: எந்த வயருக்கு எந்த கனெக்டர்?

கீசர் ஓடும்போது குளியலறை விளக்கு அவ்வப்போது துடிக்கிறது. கால் மணி நேரம் போனால் கதவுக்கு மேலே உள்ள ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. எம்.சி.பி. (கரண்ட் கூடினால் விழும் சுவிட்ச்) விழவில்லை, ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழவில்லை, தண்ணீர் வழக்கம்போலவே சூடாகிறது. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது கீசரை அல்ல, பாக்ஸுக்குள் இருக்கும் ஜாயிண்ட்டை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அப்படியொரு பாக்ஸ். வீட்டு வயரிங்கில் தனித்தனியாகத் தென்படும் கோளாறுகளை ஒரே பாக்ஸில் சேர்த்து வைத்துப் பேசுகிறோம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மாற்று வழியும் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கனெக்டர் தேர்வில் எது முக்கியம் என்று பிடிபடும்.

சுற்றின் விவரம் இது. 3000 வாட் ஸ்டோரேஜ் கீசர், 230 வோல்ட் சப்ளை, 20 ஆம்பியர் எம்.சி.பி. போர்டிலிருந்து பாக்ஸ் வரையும், பாக்ஸிலிருந்து கீசர் சுவிட்ச் வரையும் 2.5 சதுர மி.மீ. பல இழைச் செம்பு வயர். அதே பாக்ஸில் குளியலறை விளக்குக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் 1 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பி வயரில் ஒரு கிளை எடுத்திருக்கிறார்கள்.

பாக்ஸுக்குள் இருந்தது

பேஸ் ஜாயிண்ட் கையால் முறுக்கி, மேலே பி.வி.சி. டேப் சுற்றியது. மூன்று வயர்கள் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன: இரண்டு பல இழை, ஒன்று ஒற்றைக் கம்பி. டேப்பின் பசை இளகி ஒழுகி, டேப் கழன்று சுருண்டிருந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஜாயிண்ட்டிலிருந்து மூன்று செ.மீ. வரை வயரின் இன்சுலேஷன் விறைத்துப்போய், வளைத்தால் வெடித்தது.

இது ஏன் நடக்கிறது என்றால், மெல்லிய இழைகளும் தடித்த ஒற்றைக் கம்பியும் முறுக்கும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. கம்பி நேராக நிற்கிறது, இழைகள் அதன்மேல் கொடியாகச் சுற்றிக்கொள்கின்றன. முறுக்கிய கையை எடுத்த பிறகு அந்த இடத்தைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. டேப் இன்சுலேஷனுக்கானது, அழுத்தம் கொடுக்க அதனால் ஆகாது. கீசர் ஓடும்போது செம்பு விரிகிறது, நின்றதும் சுருங்குகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தரம் இப்படி நடந்தால் தொடுபரப்பு குறைந்துகொண்டே வரும். குறைந்த இடம் அதிகம் சூடாகும், சூட்டில் செம்பின்மேல் ஆக்சைடு படரும், ஆக்சைடு மின்தடையை ஏற்றும், ஏறிய தடை இன்னும் சூட்டைக் கொடுக்கும். ஒரு தடவை இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

நியூட்ரல் பக்கம் வேறு கதை. அங்கே திருகு வைத்த பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர் போட்டிருந்தார்கள், ஆனால் விளக்கு ஃபிட்டிங்குகளோடு வரும் சின்ன சைஸ். ஒரு துளையில் 2.5 வயர், எதிர்த் துளையில் இன்னொரு 2.5 வயரோடு 1 சதுர மி.மீ. கம்பியும் சேர்த்துத் திணித்திருந்தது. துளை போதாததால் பல இழை வயரில் சில இழைகளை வெட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைத்திருக்கிறார்கள். திருகின் முனை நேராக இழைகள்மேல் உட்கார்ந்து, இறுக்கும்போதே மேலும் சிலவற்றை அறுத்திருந்தது. கனெக்டரின் உடல் சூட்டில் கோணிப்போய், பித்தளைக் குழாய் வெளியே தெரிந்தது.

எர்த் வயர்களை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். அங்கே கருகல் இல்லை, வாடை இல்லை. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மூன்றில் மிக ஆபத்தானது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. எர்த் வயரில் சாதாரண நேரத்தில் கரண்ட் ஓடுவதில்லை. அதனால் ஜாயிண்ட் கெட்டாலும் அது சூடாகாது, மங்காது, மணக்காது. கீசரின் எலிமெண்ட் பழுதாகி டேங்க்கில் கரண்ட் இறங்கும் நாளில்தான் எர்த் இல்லை என்பது தெரியவரும்.

எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது

3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 13 ஆம்பியர். ஜாயிண்ட்டின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 17 வாட். மூடிய பாக்ஸுக்குள், நெல்லிக்காய் அளவு ஜாயிண்ட்டில், இடைவிடாமல் 17 வாட் சூடு. சாதாரண பி.வி.சி. வயர் தாங்கும் வரம்பு 70 டிகிரி. அந்தச் சூட்டில் அது நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

அந்த 0.1 ஓம் கீசருக்குப் போகும் வோல்டேஜில் குறைப்பது வெறும் 1.3 வோல்ட். கரண்ட் கூடுவதில்லை, இம்மி குறையத்தான் செய்கிறது. எம்.சி.பி. கூடுதல் கரண்ட்டைத்தான் பார்க்கும். ஆர்.சி.சி.பி. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று பார்க்கும். இங்கே இரண்டும் சமம். ஆக இரண்டு காவலுமே சரியாக வேலை செய்துகொண்டிருந்தும் பாக்ஸ் எரிகிறது. கீசரின் வாட்டேஜ் ஒரு சதவீதம்தான் குறைகிறது என்பதால் தண்ணீரிலும் வித்தியாசம் தெரியாது.

ஒழுங்கான கனெக்டர் எந்த நிலையில் இருக்கும்? வீட்டு உபயோக கனெக்டர்களுக்கான உலகத் தர விதி, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) வெளியிட்ட ஐ.இ.சி. 60998. இதில் திருகு இல்லாத ஸ்பிரிங் வகைக்கான பகுதி, சோதனையில் ஒரு பிடிப்பில் 15 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறக்கம் வரக்கூடாது என்கிறது. நம் 13 ஆம்பியருக்கு 15 மில்லிவோல்ட்டே விழுந்தாலும் சூடு 0.2 வாட். 17 எங்கே, 0.2 எங்கே!

“இத்தனை வருஷமா முறுக்கித்தானே போடறோம், ஒண்ணும் ஆகலையே” என்ற பேச்சுக்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. 10 வாட் எல்.இ.டி. விளக்கு எடுப்பது 0.04 ஆம்பியர் அளவு. அதே 0.1 ஓம் கெட்ட ஜாயிண்ட் அந்த லைனில் இருந்தால் வரும் சூடு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முறுக்கிய ஜாயிண்ட் விளக்கு லைனில் ஆயுசுக்கும் ஓடிவிடும். கரண்ட் 300 மடங்கு கூடினால் சூடு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடும். விளக்கு லைனில் கிடைத்த அனுபவத்தை கீசர், ஏ.சி., அடுப்பு, மோட்டார் லைனுக்குக் கொண்டுபோவதுதான் தப்பு.

கனெக்டருக்கு முன்னால் வயரைப் பார்க்க வேண்டும்

கடையில் போய் “நல்ல கனெக்டர் கொடுங்க” என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்த வயருக்கு என்பது முதல் கேள்வி. வீட்டு வயர்கள் மூன்று விதம். ஒரே தடித்த கம்பியாக இருப்பது ஒரு விதம். வளைத்தால் வளைத்தபடி நிற்கும். ஏழு கம்பி சேர்த்து முறுக்கியது இரண்டாவது. ஓரளவு விறைப்பு இருக்கும். முடி போன்ற நிறைய இழைகள் கொண்டது மூன்றாவது. நுனியை உரித்து விரலால் தள்ளினால் மடங்கிவிடும். ஐ.இ.சி. 60228 இவற்றை முறையே வகுப்பு 1, 2, 5 என்கிறது. வயர் உறையில் சதுர மி.மீ. அளவு அச்சாகியிருக்கும், இழை எண்ணிக்கை சந்தேகமாக இருந்தால் அரை அங்குலம் உரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து எத்தனை வயர், ஒவ்வொன்றும் என்ன அளவு, எல்லாம் ஒரே வகுப்பா கலவையா என்று பார்க்க வேண்டும். பிறகு கரண்ட்: எம்.சி.பி.யின் ஆம்பியருக்குக் குறைவான கனெக்டரை அந்த லைனில் போடக்கூடாது. கீசர் 13 ஆம்பியர்தானே எடுக்கிறது என்று 16 ஆம்பியர் கனெக்டர் போட்டால், நாளைக்குப் பெரிய கீசர் வந்தாலும் 20 ஆம்பியர் எம்.சி.பி. வழிவிட்டுவிடும், பலவீனமான இடம் கனெக்டராகிவிடும்.

நம் பாக்ஸில் இந்தக் கேள்விகளைக் கேட்டதும் வேறொரு தப்பு வெளியே வந்தது. விளக்குக்குப் போகும் 1 சதுர மி.மீ. வயர் 20 ஆம்பியர் எம்.சி.பி.க்குக் கீழே தொங்குகிறது. சுவர்க் குழாய்க்குள் போகும் அந்த வயர், போட்டிருக்கும் முறையைப் பொறுத்து, 11 முதல் 13 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஃபேன் பழுதாகி 18 ஆம்பியர் இழுத்தால் எம்.சி.பி. விழாது, வயர் சுவருக்குள்ளேயே வெந்துபோகும். எவ்வளவு உயர்ந்த கனெக்டர் போட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கிளையை கீசர் லைனிலிருந்து பிரித்து விளக்கு சுற்றுக்கு மாற்றுவது ஒன்றே வழி.

எது ஒத்துவரும், எது வராது

திருகு வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர் கெட்டது இல்லை. சரியான சைஸில், நைலான் உடலோடு, ஒரு துளைக்கு ஒரு வயர் என்று போட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஒற்றைக் கம்பிக்குத் திருகு நன்றாகப் பிடிக்கும். பல இழை வயரை அப்படியே திருகின்கீழ் வைக்கக்கூடாது. நுனியில் ஃபெரூல் என்னும் குழாய் லக் மாட்டி, அதற்கான கிரிம்பிங் டூலால் அழுத்திவிட்டுத்தான் திருக வேண்டும். இல்லாவிட்டால் திருகுக்கும் இழைக்கும் நடுவே அழுத்தத் தகடு உள்ள கனெக்டராக வாங்க வேண்டும்.

இழைகள் விரியாமலிருக்க நுனியில் ஈயம் பற்றவைத்துத் திருகின்கீழ் வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை உடனே விட வேண்டும். பற்றீயம் மென்மையான உலோகம்; இறுக்கத்தின்கீழ் நாள்பட நாள்பட நகர்ந்து ஒதுங்கும். அன்று இறுக்கமாக இருந்த திருகு ஆறு மாதம் கழித்து ஆடும். பிறகு சூடு, சூட்டில் ஈயம் இன்னும் இளகும்.

முறுக்கித் திருகும் தொப்பி கனெக்டர், வட அமெரிக்க வீடுகளில் எங்கும் காண்பது. உள்ளே கூம்பு வடிவ ஸ்பிரிங் இருக்கும்; திருகத் திருக வயர்களைக் கடித்து இழுத்துக்கொள்ளும். ஒற்றைக் கம்பிகளுக்கு இது நல்ல பிடிப்பு. ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் எத்தனை வயர், என்னென்ன அளவு என்ற பட்டியல் பெட்டியிலேயே இருக்கும். அந்தக் கூட்டுக்கு வெளியே போனால் பிடிப்பு போய்விடும். ஒற்றைக் கம்பியோடு பல இழையைச் சேர்க்கும்போது பல இழையின் நுனியை இரண்டு மூன்று மி.மீ. முன்னே நீட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பிரிங் அதை முதலில் கடிக்கும். மாட்டிய பின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்பதுதான் இதில் எங்களுக்கு இருக்கும் குறை.

தள்ளிச் செருகும் கனெக்டர் வேலையை மிக வேகமாக்கும். 11 மி.மீ. உரித்து ஒரே தள்ளு, முடிந்தது. வாகோ கம்பெனியின் 2273 இந்த வகை: ஒற்றைக் கம்பி 0.5 முதல் 2.5 சதுர மி.மீ. வரை, 24 ஆம்பியர். இந்த எண்களை மட்டும் பார்த்து நம் கீசர் லைனுக்குப் பொருந்தும் என்று நினைத்தால் அங்கே இடறும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் திறப்பதே வயர்தான். அதற்கு வயருக்கு விறைப்பு வேண்டும். வகுப்பு 5 பல இழை வயரைத் தள்ளினால் நாலு இழை உள்ளே போகும், மிச்சம் வாசலிலேயே மடங்கி நிற்கும். வெளியே பார்த்தால் மாட்டியதுபோலவே தெரியும். அந்த நாலு இழைமேல் 13 ஆம்பியரும் ஏறும்.

லிவர் கனெக்டரில் ஸ்பிரிங்கைத் திறப்பது லிவர், வயர் அல்ல. அதனால் ஒற்றை, ஏழு கம்பி, பல இழை மூன்றையும் ஏற்கும், ஒரே கனெக்டரில் கலந்தும் ஏற்கும். ஒவ்வொரு வயருக்கும் தனி ஸ்பிரிங் என்பதால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தாலும் இரண்டிலும் அழுத்தம் குறையாது. சூட்டில் விரிந்து சுருங்கினாலும் ஸ்பிரிங் கூடவே நகர்ந்து பிடித்துக்கொள்கிறது. முறுக்கிய ஜாயிண்ட்டுக்கு இல்லாதது இந்தக் குணம்தான். வாகோ 221 வரிசையில் 4 சதுர மி.மீ. வரை ஏற்கும் சைஸ் 32 ஆம்பியர், 450 வோல்ட், உரிக்கும் நீளம் 11 மி.மீ. அதற்கு மேல் 6 சதுர மி.மீ. வரை ஏற்கும் பெரிய சைஸ் 41 ஆம்பியர், உரிக்கும் நீளம் 12 முதல் 14 மி.மீ. மற்ற கம்பெனிகளின் சரக்கிலும் இதே விவரங்களைத்தான் தேட வேண்டும். உடல் கண்ணாடிபோல இருந்தால் செம்பு முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கிரிம்ப் ஜாயிண்ட் நிரந்தரமான ஒன்று. சிவப்பு 0.5 முதல் 1.5, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6 சதுர மி.மீ. முழு அழுத்தம் கொடுத்தால்தான் விடும் ராட்சட் டூலால் அழுத்தியிருந்தால் நம்பலாம். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்ப் அல்ல. ஒற்றைக் கம்பிக்கு இந்த சாதாரண ஸ்லீவ்களைப் பயன்படுத்தாமலிருப்பது நல்லது, கம்பி நசுங்காமல் ஸ்லீவ் மட்டும் நசுங்கும்.

பாக்ஸுக்கு எடுத்த முடிவு

கீசர் லைனுக்கு முதல் யோசனை, ஜாயிண்ட்டே இல்லாமல் போர்டிலிருந்து கீசர் சுவிட்ச் வரை ஒரே துண்டு வயர் இழுப்பது. குழாய் இடம் கொடுத்தால் இதைவிட நல்லது கிடையாது. நம் பாக்ஸில் குழாய் நெரிசலாக இருந்ததால் பழைய வயரையே வைத்துக்கொண்டு, பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று என மூன்று இரு வழி லிவர் கனெக்டர் என்று முடிவு. பல இழை வயர், 20 ஆம்பியர், நீண்ட நேரம் ஓடும் லோடு: மூன்றுக்கும் பொருந்துவது அதுதான்.

விளக்குக் கிளை வேறு பாக்ஸுக்குப் போய் விளக்கு சுற்றோடு சேர்ந்தது. அங்கே வரும் வயர், விளக்குக்குப் போவது, ஃபேனுக்குப் போவது மூன்றும் ஒற்றைக் கம்பி. லோடும் சின்னது. ஆகவே மூன்று வழித் தள்ளு கனெக்டர் மூன்று போதும். பாக்ஸில் இடமும் மிச்சம்.

வேலை முறையில் முதலாவது, மின்சாரத்தை முழுதாக நிறுத்துவது. கீசர் எம்.சி.பி.யை மட்டும் இறக்கினால் போதாது. அந்த பாக்ஸில் வேறு சுற்றின் வயரும் இருக்கலாம் என்பதால் மெயினை இறக்கி, யாரும் ஏற்றிவிடாமல் பூட்டி, இரண்டு முனை டெஸ்டரால் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். டெஸ்டரையும் முன்னும் பின்னும் வேறு ஓடும் பாயிண்ட்டில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நியான் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பி எந்த பாக்ஸிலும் கை வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் உள்ள இடத்தில் அவரைக் கூப்பிட்டே செய்ய வேண்டும்.

கருகிய வயரைச் செம்பு பளபளப்பாகவும் இன்சுலேஷன் மிருதுவாகவும் தெரியும் வரை வெட்டித் தள்ள வேண்டும். கறுத்த செம்பைத் தேய்த்துப் பயன்படுத்துவது வேண்டாம். சூட்டில் அந்தச் செம்பு மெதுமையாகி, பரப்பும் கெட்டிருக்கும். வெட்டிய பிறகு பாக்ஸ் விளிம்பைத் தாண்டி 12 முதல் 15 செ.மீ. வயர் மிச்சம் இருந்தால் கை வசதியாக வேலை செய்யும். அவ்வளவு இல்லையென்றால் அதே அளவு, அதே நிற வயரில் துண்டு சேர்க்கலாம். அப்படிச் செய்தால் கனெக்டர் இரட்டிப்பாகும், பாக்ஸும் பெரிதாக வேண்டும். திணித்து மூடிய பாக்ஸில் லிவர் எதன்மேலாவது அழுந்தித் திறக்கும் அபாயம் இருக்கிறது.

உரிப்பதற்கு ஸ்ட்ரிப்பர்தான். பிளேடால் உரித்தால் ஒற்றைக் கம்பியில் கீறல் விழும். அந்தக் கீறலில் இரண்டு வளைப்பில் கம்பி ஒடியும். பல இழையில் சில இழைகள் போய்விடும். 11 மி.மீ. என்றால் 11தான், கனெக்டரின் பக்கவாட்டில் அளவுக் குறி இருக்கும், அதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 8 மி.மீ. உரித்தால் ஸ்பிரிங் செம்புக்குப் பதில் இன்சுலேஷனைப் பிடிக்கும்: இழுத்தால் வராது, கரண்ட்டும் ஒழுங்காகப் போகாது. 14 உரித்தால் வெறும் செம்பு வெளியே நிற்கும்.

லிவரை முழுதாக மேலே தூக்கி, இழைகளை நேராக்கி, விரியாத அளவு மட்டும் லேசாகச் சேர்த்து, முட்டும்வரை உள்ளே தள்ளி, லிவரை முழுதாகக் கீழே அழுத்த வேண்டும். வயர்களை முன்கூட்டி ஒன்றோடொன்று முறுக்கக்கூடாது. ஒரு துளையில் ஒரு வயர். பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கனெக்டரைப் பிடித்துக் கொத்தாக இழுத்தால் எது ஆடுகிறது என்று தெரியாது. எர்த்தை முதலில் முடித்து பாக்ஸின் அடியில் மடக்கி வைத்தால், பின்னால் யாராவது பேஸ், நியூட்ரலைக் கழற்றும்போது எர்த்தில் கை படாது.

சோதனை

கரண்ட் ஏற்றும் முன் எர்த்தின் தொடர்ச்சியைக் குறைந்த ஓம் மீட்டரால் பார்க்க வேண்டும். பிறகு மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்): 500 வோல்ட் டி.சி.யில் பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல். ஐ.இ.சி. 60364 கேட்கும் குறைந்தபட்சம் 1 மெகாஓம். நல்ல வயரிங்கில் இதைவிட எத்தனையோ மடங்கு வரும். கீசரையும், சுற்றில் எலக்ட்ரானிக் சாமான், சர்ஜ் அரெஸ்டர் இருந்தால் அவற்றையும் கழற்றிவிட்டே மெகர் பிடிக்க வேண்டும்.

உண்மையான பரீட்சை லோடில்தான். கீசரை அரைமணி நேரம் இடைவிடாமல் ஓடவிட்டு, தெர்மல் கேமராவாலோ தொடாமல் அளக்கும் தெர்மாமீட்டராலோ கனெக்டர்களைப் பார்க்க வேண்டும். உடல் பிளாஸ்டிக்கைக் குறிவைத்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அளவு தப்பாகக் காட்டும். பேஸ் கனெக்டரிலும் நியூட்ரல் கனெக்டரிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், எத்தனை டிகிரி என்று ஆராயத் தேவையே இல்லை. அந்தப் பக்கத்தைக் கழற்றி நுனியை வெட்டி மறுபடி மாட்ட வேண்டும். எர்த் கனெக்டர் பாக்ஸின் உள்சூட்டிலேயே இருக்கும் என்பதால் ஒப்பிட அதுவும் உதவும். திறந்த பாக்ஸில் கரண்ட் ஓடும் நேரம் இது. கையில் அனுபவமும் கையுறையும் இல்லாதவர் கிட்டேகூடப் போகக்கூடாது.

மற்ற இடங்களில் மாறுவது

மூன்று பேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் ஜாயிண்ட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். பொது நியூட்ரல் கழன்றால் ஒரு பேஸில் வோல்டேஜ் சரிந்து இன்னொன்றில் 230ஐத் தாண்டி ஏறும். லோடு ஏற்றத்தாழ்வு அதிகமானால் 400ஐ நெருங்கவும் கூடும். டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும்.

சீலிங் விளக்கின் மூடிக்குள் சூடு தேங்கும். கனெக்டர்மேல் டி85 என்ற குறி இருந்தால், சுற்றிலும் 85 டிகிரி உள்ள இடம்வரை அதை வைக்கலாம் என்று பொருள். அதற்கு மேல் சூடு வரும் ஹாலஜன் ஃபிட்டிங், அடுப்பு எலிமெண்ட் பக்கத்தில் பீங்கான் கனெக்டரும் சூடு தாங்கும் வயரும்தான் சரி.

வெளியில், தோட்டத்து விளக்கு, பம்ப் பக்கம், எந்த லிவர் கனெக்டருக்கும் தானாகத் தண்ணீரைத் தடுக்கும் திறன் கிடையாது. ஜெல் நிரப்பிய பாக்ஸுக்குள் வைக்க வேண்டும், அல்லது அதற்கேற்ற ஐ.பி. தரமுள்ள (தூசி, தண்ணீர் தடுப்பு அளவு), கேபிள் கிளாண்ட் வைத்த பாக்ஸ் வேண்டும். டேப் சுற்றுவது தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கத்தான் உதவும்.

அலுமினிய வயர் உள்ள பழைய வீட்டில் மேலே சொன்ன எதையும் அப்படியே பொருத்தக்கூடாது. அலுமினியம் காற்றுப் பட்டதுமே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அழுத்தினால் நாள்பட ஒதுங்கும். ஈரம் இருந்தால் செம்போடு சேர்ந்து அரிக்கும். அலுமினியம்–செம்பு என்று தெளிவாகக் குறித்த கனெக்டரும், அந்தக் கம்பெனி சொல்லும் பேஸ்ட்டும், உரித்தவுடனே பேஸ்ட் தடவி மாட்டும் ஒழுங்கும் வேண்டும்.

ஜாயிண்ட்டைப் பூச்சுக்குள் புதைக்கவும் கூடாது. ஐ.இ.சி. 60364 விதிப்படி, நிரந்தரமாக மூடப்படும் வகையாக, உதாரணமாகப் பிசின் ஊற்றிய ஜாயிண்ட்டாகச் செய்யாதவரை, இணைப்புகள் திறந்து பார்க்கக்கூடிய இடத்திலேயே இருக்க வேண்டும். லிவர் கனெக்டர் என்பதற்காக அதற்கு விலக்கு கிடையாது. ஃபால்ஸ் சீலிங் போடும் வீட்டில் இதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். பாக்ஸுக்கு நேர்கீழே ஒரு திறப்பு விடச் சொல்வதற்கு அதுதான் நேரம்.

வாங்கும்போது கனெக்டரைக் கையில் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். சதுர மி.மீ. அளவு, எந்த வகை வயர், வோல்ட், ஆம்பியர், உரிக்கும் நீளம், தர எண் ஆகியவை உடலிலோ பெட்டியிலோ இருக்கும். பெயரும் நிறமும் மட்டும் அசலைப்போல இருந்து, இந்த விவரங்கள் எங்குமே இல்லாத சரக்கைக் கீசர் லைனில் போடுவது முறுக்கி டேப் சுற்றியதற்குச் சமம். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெரியும்: நல்லதில் ஸ்பிரிங் தனி எஃகுத் தகடு, கரண்ட் போக வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை தனி. மோசமானதில் மெல்லிய ஒரே தகடு இரண்டு வேலையையும் செய்துகொண்டிருக்கும், லிவரை நாலு தரம் தூக்கி இறக்கினால் பிடிப்பு தளர்ந்துவிடும்.